ஆல்ட்-டேப் போட்டு மாறிய பிறகு டைப் செய்வது எங்கோ போகிறது: கீபோர்டு ஃபோகஸ் சிக்கல்

#1 பொருநை

வணக்கம். எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. நாள் முழுக்க நாலைந்து விண்டோக்களுக்கு நடுவே ஆல்ட்-டேப் போட்டு மாறிக்கொண்டே இருப்பேன். ஒன்றில் ஆங்கில மூலம், ஒன்றில் மொழிபெயர்ப்புக் கருவி, ஒன்றில் வேர்டு, பக்கத்தில் பிரௌசர். சிஸ்டம் விண்டோஸ் 11. தமிழ் 99 முறையில் அடிக்கிறேன். அதற்கென்று தனியாக ஒரு தட்டச்சு மென்பொருள் போட்டிருக்கிறேன்.

கொஞ்ச நாளாகவே கீபோர்டு சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஆல்ட்-டேப் போட்டதும் விண்டோ முன்னால் வருகிறது, மேல்பட்டையும் நிறம் மாறுகிறது. ஆனால் அடித்தால் ஒரு எழுத்தும் விழுவதில்லை. மவுசால் ஒருமுறை சொடுக்கிய பிறகுதான் விழுகிறது. அடுத்து, எதையும் மாற்றாமல் நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் நாலைந்து எழுத்துகள் காணாமல் போகின்றன. திரையில் ஏதோ மின்னி மறைந்தது போலிருக்கும், என்னவென்று பிடிபடாது. மூன்றாவது தமிழ் சம்பந்தப்பட்டது. ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்குள் போனால் தமிழே வருவதில்லை, ஆங்கிலம் மட்டும்தான். வேறு சில நேரம் எல்லா இடத்திலும் தமிழ் நின்றுபோய், தட்டச்சு மென்பொருளை மூடித் திறந்தால்தான் உயிர் வருகிறது.

கீபோர்டை மாற்றிப் பார்த்தாயிற்று, யூஎஸ்பி போர்ட்டையும் மாற்றியாயிற்று. பயனில்லை. பக்கக் கணக்கில் கூலி வாங்குகிற வேலை இது. ஒவ்வொரு முறையும் கையை எடுத்து மவுசுக்குக் கொண்டுபோவதில் பாதி நாள் போகிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கீழைக்காற்று

பொருநை அவர்களே, நீங்கள் ஒரே சிக்கலாக எழுதியிருப்பது குறைந்தது நான்கு சிக்கல்கள். நான்குக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் செட்டிங்ஸில் கை வைத்தால் நாளைக்கு எது எதனால் சரியானது, எது எதனால் கெட்டது என்றே தெரியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். விண்டோ முன்னால் வருவது ஒரு காரியம், கீபோர்டு ஃபோகஸ், அதாவது அடிக்கும் விசை போய்ச் சேரும் இடம், அங்கே வருவது இன்னொரு காரியம். ஆல்ட்-டேப் செய்வது முதலாவதை மட்டும்தான். அந்த விண்டோவுக்குள் எத்தனையோ பெட்டிகள், பட்டன்கள், பலகைகள் இருக்கும். அவற்றில் எதற்கு விசை போகவேண்டும் என்பதை அந்த மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. கடிதம் சரியான தெருவுக்கு வந்துவிட்டது, வீட்டு எண் எழுதவில்லை. உங்கள் முதல் சிக்கல் அதுதான்.

இரண்டாவதில் வேறு ஏதோ ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) நொடிப்பொழுது முன்னால் வந்து ஃபோகஸைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. மூன்றாவது, நான்காவது இரண்டும் உங்கள் தட்டச்சு மென்பொருள் விசைகளை இடைமறிக்கும் விதத்தைப் பொறுத்தவை.

இவற்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்:

அடிப்பது விழாதபோது மவுசைத் தொடாமல் எஸ்கேப்பை ஒருமுறை அழுத்தினால் என்ன ஆகிறது? அதற்கும் அசையவில்லை என்றால் எஃப்6 அழுத்தினால்? தமிழ் வராத அந்த மென்பொருளை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ போட்டுத் திறக்கிறீர்களா? மொழி மாற்ற எந்த விசைகளை அழுத்துகிறீர்கள்?

#3 சுக்குக்காப்பி

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வழி இருக்கிறது சகோ. கரன்ட் யூஸர், கண்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்று உள்ளே போனால் ‘ஃபோர்கிரவுண்ட் லாக் டைம்அவுட்’ என்று ஒன்று இருக்கும். அதை மாற்றினால் வேறு மென்பொருள் ஃபோகஸைத் திருடாது என்று படித்தேன். அதற்கும் சரிவரவில்லை என்றால் விண்டோஸை மறுபடி போட்டுவிடலாம், சுத்தமாகிவிடும்.

#4 கீழைக்காற்று

சுக்குக்காப்பி, அந்த மதிப்பைப் பார்க்கச் சொன்னது நல்லதுதான். ஆனால் மாற்றுவதற்கு முன் அது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய விண்டோஸில் எந்த மென்பொருளும் எப்போது வேண்டுமானாலும் ‘நான்தான் முன்னால்’ என்று வந்து நிற்கலாம். விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 காலத்தில்தான் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. பயனர் வேறொன்றில் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு மென்பொருள் முன்னால் வரக் கேட்டால் விண்டோஸ் மறுத்துவிட்டு, டாஸ்க்பாரில் அதன் பட்டனை மட்டும் மின்ன வைக்கும். நீங்கள் சொன்ன மதிப்பு, கடைசியாகப் பயனர் விசையையோ மவுசையோ தொட்டதிலிருந்து எவ்வளவு நேரத்துக்கு இந்தத் தடை இருக்கும் என்பது. இயல்பாக 2,00,000 மில்லி விநாடி, அதாவது 200 விநாடி.

ஆகவே அது 2,00,000 ஆகவே இருந்தால் தொட வேண்டாம். கணினியை வேகமாக்குகிறேன் என்று சொல்லும் சில கருவிகள் அதைப் பூஜ்யமாக்கிவிடும். பூஜ்யம் என்றால் தடையே இல்லை. அப்படியிருந்தால் பழையபடி மாற்றி வையுங்கள். இந்தத் தடையில் சட்டப்படியான விதிவிலக்குகளும் நிறைய. முன்னால் இருக்கும் மென்பொருளே ஒன்றைத் தொடங்கிவைத்தால் அந்தப் புதியது முன்னால் வரலாம், முன்னால் இருப்பது தன் உரிமையை இன்னொன்றுக்குக் கொடுக்கலாம். அதனால் மதிப்பு சரியாக இருந்தும் திருட்டு நடக்கும்.

விண்டோஸை மறுபடி போடுவது எனக்கு உடன்பாடில்லை. அதே பிரின்டர் டிரைவர், அதே தட்டச்சு மென்பொருள், அதே அலுவலகக் கருவிகள் எல்லாம் திரும்ப வரும். அவற்றோடு சிக்கலும் வரும்.

#5 செவிவழி

எனக்குப் பார்வை இல்லை. என்விடிஏ திரைவாசிப்பான் வைத்துத்தான் பத்து வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மற்றவர்களுக்கு ஃபோகஸ் தொலைந்தால் மவுசால் ஒரு சொடுக்கு, முடிந்தது. எங்களுக்கு அந்தச் சொடுக்கு இல்லை. ஃபோகஸ் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாங்கள் இருக்கிறோம். அது எங்குமே இல்லாமல் போனால் அந்த மென்பொருள் எங்களுக்கு மூடிய கதவு. அதனால் ஃபோகஸைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் எங்களுக்கு அன்றாடம் கைவந்தது. அதைச் சொல்கிறேன், பார்வை உள்ளவர்களுக்கும் அப்படியே உதவும்.

என்விடிஏ இலவசம், ஆஸ்திரேலியாவில் உள்ள என்வி ஆக்சஸ் அமைப்பு வெளியிடுவது. தமிழ் இடைமுகமும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு சிக்கல் வரும் நேரத்தில் இன்சர்ட் விசையோடு டேப் அழுத்துங்கள். இப்போது ஃபோகஸ் எதன்மேல் இருக்கிறதோ அதன் பெயரையும் வகையையும் சொல்லும். இன்சர்ட்டோடு ‘T’ எழுத்தை அழுத்தினால் விண்டோவின் தலைப்பைச் சொல்லும். தலைப்பு சரியாக வந்து, ஃபோகஸ் மட்டும் ‘பேன்’ (பலகை) என்றோ பெயரில்லாத ஏதோ ஒன்று என்றோ வந்தால், விண்டோ வந்துவிட்டது, உள்ளே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ‘மெனு பார்’ என்று சொன்னால் விசைகளெல்லாம் மெனுவுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நீங்கள் தேடாத வேறொரு தலைப்பையே சொன்னால், அதுதான் திருடன்.

மீட்கும் வழிகளில் முதலில் எஸ்கேப். மெனுவில் மாட்டியிருந்தால் அதிலேயே வெளியே வந்துவிடலாம். அடுத்து எஃப்6. பல மென்பொருள்களில் இது ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்குக் கொண்டுபோகும். பல ஆவணங்கள் திறந்திருக்கும் மென்பொருளில் கண்ட்ரோலோடு எஃப்6. அதுவும் இல்லையென்றால் ஆல்ட்-டேப் போட்டு வெளியே போய்த் திரும்பி வருவது. சில மென்பொருள்கள் இரண்டாம் தடவை ஒழுங்காக எடுத்துக்கொள்ளும்.

பேச்சு ஒலி வேண்டாம் என்றால் விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, டெக்ஸ்ட் கர்சர் என்று போய் ‘டெக்ஸ்ட் கர்சர் இண்டிகேட்டர்’ என்பதை இயக்குங்கள். எழுத்து விழும் இடத்தில் நிறக் குமிழ் ஒன்று தெரியும். அது கண்ணில் படவில்லையென்றால் அடிக்கத் தொடங்காதீர்கள்.

#6 பொருநை

செவிவழி ஐயா, மிகவும் நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நீங்கள் இருவரும் சொன்னபடி செய்து பார்த்தேன். வேர்டில் நிகழும்போது எஸ்கேப் அழுத்தினால் சரியாகிவிடுகிறது. மொழிபெயர்ப்புக் கருவியில் எஸ்கேப்புக்கு அசையவில்லை, எஃப்6 அழுத்தினால் எழுதும் கட்டத்துக்கு வந்துவிடுகிறது. என்விடிஏ அங்கே வெறும் ‘பேன்’ என்று மட்டும்தான் சொல்கிறது.

தமிழ் வராத மென்பொருளை ஆமாம், அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் திறக்கிறேன். அதை நிறுவிக்கொடுத்தவர் ஷார்ட்கட்டிலேயே அப்படி அமைத்துவிட்டார். மொழி மாற்ற ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்த்து அழுத்துவேன்.

ரெஜிஸ்ட்ரி மதிப்பு 2,00,000 ஆகவே இருக்கிறது, தொடவில்லை.

#7 நிரல்நெசவு

டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுவது என் தொழில். இந்த ‘பேன்’ விஷயம் எங்கள் பக்கத்துத் தவறு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விண்டோஸில் ஒரு விண்டோ முன்னால் வரும்போது அதற்கு ‘ஆக்டிவேட்’ என்ற செய்தி வரும். மென்பொருள் அதைக் கவனிக்காமல் விட்டால், விண்டோஸ் தன் இயல்பான நடத்தையாக ஃபோகஸை வெளிச்சட்டத்தின்மேல் வைத்துவிடும். உள்ளே எழுதும் பெட்டி எது, பயனர் போன தடவை எங்கே விட்டுப்போனார் என்பதெல்லாம் விண்டோஸுக்குத் தெரியாது. டயலாக் பெட்டிகளுக்கு மட்டும் இந்த நினைவைச் சிஸ்டமே பார்த்துக்கொள்ளும். மற்ற விண்டோக்களில், போகும்போது ஃபோகஸ் எந்த உறுப்பின்மேல் இருந்தது என்று குறித்துவைத்து, திரும்பி வரும்போது அதனிடம் ஒப்படைப்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. சில வரிகள்தான். அந்தச் சில வரிகளை எழுதாததால் எத்தனை பேர் கையை மவுசுக்கு நீட்டுகிறார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இப்போது இது கூடியிருப்பதற்குக் காரணமும் உண்டு. பல மென்பொருள்களில் வெளிச்சட்டம் மட்டும் பழைய முறை, உள்ளே ஒரு பிரௌசர் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸில் பெரும்பாலும் அது வெப்வியூ2. அது தனி ப்ராசஸ். வெளிச்சட்டத்துக்கு ஃபோகஸ் வந்தாலும் உள்ளே இருக்கும் வலைப்பக்கத்துக்குத் தானாகப் போகாது. ‘மூவ்ஃபோகஸ்’ என்ற மெத்தடை அழைத்து உள்ளே தள்ளிவிட வேண்டும். பொருநையின் மொழிபெயர்ப்புக் கருவி இந்த வகையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

வேர்டில் எஸ்கேப்புக்குச் சரியாவது வேறு கதை. ஆல்ட்டை மட்டும் தட்டி விட்டால் மெனு விழித்துக்கொள்ளும், தெரியும்தானே? ஆல்ட் கீழே போய், நடுவில் வேறு விசை எதுவும் வராமல் ஆல்ட் மேலே வந்ததாக மென்பொருள் கண்டால் அது மெனுவுக்கான அழைப்பு என்று எடுத்துக்கொள்ளும். மொழி மாற்ற ஆல்ட்-ஷிஃப்ட் அழுத்துபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். விசைகளை இடைமறிக்கும் தட்டச்சு மென்பொருள் நடுவில் ஒரு விசையை விழுங்கிவிட்டாலும் நடக்கும். ஆகவே ஆல்ட்-ஷிஃப்ட்டை விட்டுவிட்டு விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாருக்கு மாறுங்கள். பழைய குறுக்குவழியை, அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸுக்குள் ‘இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்’ என்ற இடத்தில் எடுத்துவிடலாம். தட்டச்சு மென்பொருளிலும் ஆல்ட் இல்லாத ஒரு குறுக்குவழி இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

திருடனைப் பிடிக்க ஒரு வழி. விண்டோஸின் கமாண்ட் கருவியான பவர்ஷெல்லில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி ஓடவிடுங்கள். விநாடிக்குப் பத்துமுறை ‘கெட் ஃபோர்கிரவுண்ட் விண்டோ’ என்ற ஃபங்ஷனைக் கேட்டு, விடை மாறினால் மட்டும் நேரத்தையும் அந்த ப்ராசஸின் பெயரையும் ஒரு ஃபைலில் எழுதவேண்டும். ‘கெட் ஜியுஐ த்ரெட் இன்ஃபோ’ என்பதையும் சேர்த்துக் கேட்டால் இன்னும் நல்லது. முன்னால் இருக்கும் விண்டோவுக்குள் எந்த உறுப்புக்கு ஃபோகஸ், மெனுவில் மாட்டியிருக்கிறதா என்பதுவரை அது சொல்லிவிடும். ஸ்கிரிப்டைத் தனி மடலில் அனுப்புகிறேன்.

#8 ஆலமரத்தடி

லினக்ஸ் பக்கம் இருந்து கொஞ்சம். இந்த இழையைத் தேடி வருபவர்களில் உபுண்டுவோ ஃபெடோராவோ வைத்திருப்பவர்களும் இருப்பார்கள்.

லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் முறைகள் இரண்டு, எக்ஸ்11, வேலண்ட். முதலில் நீங்கள் இருப்பது எதில் என்று பாருங்கள். இரண்டிலும் ஃபோகஸ் நடக்கும் விதமே வேறு. எக்ஸ்11-ல் ஃபோகஸைக் கொடுப்பது, விண்டோக்களை நிர்வகிக்கும் விண்டோ மேனேஜரின் வேலை. ஆனால் வாங்குகிற மென்பொருளுக்கும் ஒரு பேச்சு உண்டு. எக்ஸ் விதிப்புத்தகத்தில் நான்கு வகை வகுத்திருக்கிறார்கள்: விசையே வேண்டாம் என்பவை, கொடுத்தால் வாங்கிக்கொள்பவை, வாங்கிய பிறகு தனக்குள்ளேயே மாற்றிக்கொள்பவை, யாரும் கொடுக்கவேண்டாம் நானே எடுத்துக்கொள்கிறேன் என்பவை. ஜாவாவில் எழுதிய மென்பொருள்கள் பெரும்பாலும் கடைசி வகை. விண்டோக்களை ஓடு பதித்ததுபோல் அடுக்கும் சில டைலிங் விண்டோ மேனேஜர்களில் ஜாவா மென்பொருளுக்கு மாறினால் விசை விழாமல் போவது இதனால்தான். மேனேஜர் ‘எடுத்துக்கொள்’ என்று சொல்லவேண்டும், அது எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு கை தவறினாலும் ஃபோகஸ் அந்தரத்தில்.

எக்ஸ்11-ல் கண்காணிப்பது சுலபம். எக்ஸ்ப்ராப் கமாண்டை ரூட் விண்டோமேல் ஸ்பை நிலையில் ஓடவிட்டு, ஆக்டிவ் விண்டோ என்ற பண்பை மட்டும் பார்த்தால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு வரியாக விழும். எக்ஸ்இவி என்ற கமாண்டைப் போட்டால் ஃபோகஸ் உள்ளே வருவதும் வெளியே போவதும் தெரியும். அதில் ‘நோட்டிஃபை கிராப்’ என்று வந்தால் ஃபோகஸ் நிஜமாக எங்கும் போகவில்லை. எங்கோ ஒரு பொதுக் குறுக்குவழி விசைப்பலகையை ஒரு கணம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒலியைக் கூட்டும் விசையை அழுத்தினால் முழுத்திரை விளையாட்டு சுருங்கிக்கொள்வது, ஃபோகஸ் நிஜமாகப் போவதற்கும் இப்படி ஒரு கணம் பிடிப்பதற்கும் அது வித்தியாசம் பார்க்காததால் வருவது.

லினக்ஸ் டெஸ்க்டாப்புகளில் ஒன்றான கேடிஇ-யில் ‘ஃபோகஸ் ஸ்டீலிங் பிரிவென்ஷன்’ என்று அமைப்பே இருக்கிறது. ஒன்றுமில்லை என்பதில் தொடங்கி உச்சம் வரை ஐந்து நிலைகள். இயல்பாகக் குறைந்த நிலையில் இருக்கும். அடிக்கும்போது குறுக்கே பெட்டிகள் வந்தால் நடு நிலைக்கு ஏற்றிப் பாருங்கள். உச்சத்துக்குக் கொண்டுபோனால் நீங்களே திறந்த விண்டோகூடப் பின்னால் போய் நிற்கும். இன்னொரு டெஸ்க்டாப்பான க்னோமில் புதிய விண்டோவுக்கு ஃபோகஸ் கொடுப்பதை ‘ஸ்மார்ட்’, ‘ஸ்ட்ரிக்ட்’ என்று இரண்டு வகையாக வைத்திருக்கிறார்கள். ‘விண்டோ ரெடி’ என்று மேலே அறிவிப்பு மட்டும் வந்து விண்டோ முன்னால் வராமல் இருந்தால் அது பழுது அல்ல, அந்தத் தடுப்பு தன் வேலையைச் செய்கிறது.

வேலண்டில் ஒரு மென்பொருள் இன்னொன்றின் ஃபோகஸை எட்டிப் பார்க்கவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, நான் அதை முழுமனதாக ஆதரிக்கிறேன். பிறகு மெயிலில் உள்ள இணைப்பைச் சொடுக்கினால் பிரௌசர் எப்படி முன்னால் வரும்? அதற்காகவே 2021-ல் ‘எக்ஸ்டிஜி ஆக்டிவேஷன்’ என்ற நெறிமுறையைச் சேர்த்தார்கள். மெயில் மென்பொருள் ஒரு டோக்கன் (அனுமதிச் சீட்டு) வாங்கி பிரௌசரிடம் கொடுக்கும், பிரௌசர் அதைக் காட்டி முன்னால் வர அனுமதி கேட்கும். இரண்டில் ஒன்று பழைய பதிப்பாக இருந்தாலும் பிரௌசர் பின்னாலேயே நிற்கும். ஆகவே ‘இணைப்பைத் தொட்டால் பிரௌசர் முன்னால் வருவதில்லை’ என்று வேலண்டில் தோன்றினால் இரண்டு மென்பொருளையும் புதுப்பித்துப் பாருங்கள்.

#9 குறிஞ்சிமலர்

ஆலமரத்தடி அண்ணா, நான் க்னோமில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ் 99 அடிக்கிறேன். டெர்மினலுக்குப் போனாலும் தமிழே வருகிறது, திரும்ப மாற்றவேண்டியிருக்கிறது. விண்டோவுக்கு ஒரு மொழி என்று வைக்க முடியுமா? இன்னொன்று, பாதி எழுத்து அடித்துவிட்டு ஆல்ட்-டேப் போட்டால் அந்தப் பாதி எழுத்து சில இடங்களில் மறைந்துவிடுகிறதே?

#10 ஆலமரத்தடி

முடியும் தங்கச்சி. க்னோம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் ‘இன்புட் சோர்ஸ் ஸ்விட்சிங்’ என்று இருக்கும். எல்லா விண்டோவுக்கும் ஒன்று என்பதை விட்டு ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபஸுக்குப் பதில் எஃப்சிடிக்ஸ்5 வைத்திருப்பவர்களுக்கு ‘ஷேர் இன்புட் ஸ்டேட்’ என்ற இடத்தில் மென்பொருள்வாரியாகவும் பிரிக்கலாம்.

பாதி எழுத்து மறைவது பற்றி: அடிக்கோட்டோடு தெரியும் அந்த எழுத்து இன்னும் ஆவணத்துக்குள் போகவில்லை, உள்ளீட்டு முறையின் கையில்தான் இருக்கிறது. ஃபோகஸ் போகும்போது அதை உள்ளே எழுதிவிடுவதா, தூக்கிப் போடுவதா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. மாறுவதற்கு முன் ஒரு ஸ்பேஸ் தட்டி எழுத்தை உள்ளே இறக்கிவிடுங்கள்.

#11 நெய்தல்

தொலைவில் உள்ள கணினியில் வேலை பார்ப்பவர்களுக்காக ஒன்று. ரிமோட் டெஸ்க்டாப்பிலோ, கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினிலோ இருந்து ஆல்ட்-டேப் போட்டு வெளியே வந்தால், ஆல்ட் அழுத்தியது உள்ளே இருக்கும் கணினிக்குத் தெரியும். விட்டது வெளியே நடப்பதால் தெரியாது. திரும்ப உள்ளே போய் ‘எஃப்’ அடித்தால் ஃபைல் மெனு திறக்கும், ‘டி’ அடித்தால் வேறேதோ நடக்கும். கீபோர்டு பழுது என்று பலர் நினைப்பது இதைத்தான். உள்ளே போனதும் ஆல்ட், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் ஒவ்வொன்றாக ஒருமுறை தட்டிவிடுங்கள், மாட்டிக்கொண்டது விடுபடும்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைவதற்கு முன் ‘லோக்கல் ரிசோர்சஸ்’ பகுதியில் விண்டோஸ் விசைச் சேர்க்கைகள் எந்தக் கணினிக்குப் போகவேண்டும் என்று கேட்கும். இந்தக் கணினிக்கு, அந்தக் கணினிக்கு, முழுத்திரையில் மட்டும் அந்தக் கணினிக்கு என்று மூன்று தேர்வுகள். இயல்பாகக் கடைசிதான் இருக்கும். அதனால்தான் முழுத்திரையில் ஒரு மாதிரியும் சின்ன விண்டோவில் ஒரு மாதிரியும் நடக்கிறது. விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் வலப்பக்கக் கண்ட்ரோல் விசை கீபோர்டை விடுவிக்கும்.

#12 கயல்

மேக்கில் கமாண்ட்-டேப் மென்பொருளுக்கு மென்பொருள் மாற்றுவது, விண்டோவுக்கு விண்டோ அல்ல. எல்லா விண்டோவையும் சுருக்கி வைத்திருக்கும் மென்பொருளுக்கு மாறினால் மேலே பெயர் மாறும், விண்டோ எதுவும் வராது, அடிப்பது எங்கும் போகாது. கமாண்டை விடுவதற்கு முன் ஆப்ஷன் விசையையும் அழுத்திக்கொண்டு விட்டால் சுருங்கிய விண்டோ எழுந்து வரும். தமிழ் 99-உம் அஞ்சலும் மேக்கிலேயே இருப்பதால் பொருநையின் தமிழ்ச் சிக்கல் அங்கே அநேகமாக வராது. சுருக்கமாக அடித்ததை முழு வாசகமாக விரிக்கும் கருவிகள் திடீரென்று நின்றால், கடவுச்சொல் பெட்டி ஏதாவது, மற்ற மென்பொருள்கள் விசைகளைப் பார்க்காமல் தடுக்கும் ‘செக்யூர் இன்புட்’ நிலையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறதா, டெர்மினலில் ‘செக்யூர் கீபோர்டு என்ட்ரி’ இயங்குகிறதா என்று பாருங்கள்.

#13 பொருநை

ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். திருடன் அகப்பட்டான். பிரின்டரோடு வந்த உதவி மென்பொருள் ஒன்று. புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது கறுப்புக் கன்சோல் விண்டோ ஒன்றைத் திறந்து உடனே மூடுகிறது. நான் கண்ட மின்னல் அதுதான். எழுத்துகள் தொலைந்த நேரமும் ஃபைலில் பதிவான நேரமும் ஒன்றுபோல் பொருந்துகின்றன.

ஆல்ட்-ஷிஃப்ட்டை எடுத்த பிறகு வேர்டில் எஸ்கேப் தேவைப்படவே இல்லை. நிரல்நெசவு அவர்களுக்கு நன்றி.

தமிழ் விஷயம் மட்டும் இன்னும் புரியவில்லை. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறப்பதற்கும் தமிழ் வராததற்கும் என்ன சம்பந்தம்? அந்த உதவி மென்பொருளை நீக்கிவிடலாமா? ஸ்கேன் செய்ய அது வேண்டியிருக்கிறது.

#14 கீழைக்காற்று

நீக்க வேண்டாம். டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும் பணியைத் தேடுங்கள். அதன் பண்புகளில் ‘பயனர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு’ என்ற தேர்வைப் போட்டால் அது உங்கள் திரைக்கே வராமல் பின்னணி செஷனில் ஓடும். விண்டோ திறந்தாலும் உங்கள் ஃபோகஸைத் தொட முடியாது. அதில் சிக்கல் வந்தால் பணியை முடக்கிவிட்டு, நேரம் கிடைக்கும்போது நீங்களே புதுப்பித்துக்கொள்ளலாம்.

இப்போது தமிழ். விண்டோஸ் விஸ்டா 2007-ல் வந்தபோது மென்பொருள்களுக்குள் ஒரு படிநிலையைக் கொண்டுவந்தார்கள். சாதாரண உரிமையில் ஓடும் மென்பொருள், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில் ஓடும் விண்டோவுக்குப் போகும் விசைகளைப் பார்க்கவோ மாற்றவோ முடியாது. இல்லையென்றால் எந்த உளவு மென்பொருளும் மேல்நிலை விண்டோவில் விசை அடித்து என்ன வேண்டுமானாலும் செய்துவிடும். உங்கள் தட்டச்சு மென்பொருள் விசைகளை ஹூக் (போகும் வழியிலேயே இடைமறிக்கும் கொக்கி) போட்டுப் பிடித்துத் தமிழாக மாற்றுகிறது, ஆனால் சாதாரண உரிமையில் ஓடுகிறது. அதனால் மேல்நிலை விண்டோவுக்கு நீங்கள் மாறிய கணமே அதற்குக் கண் கட்டிவிடும். ஷார்ட்கட்டின் பண்புகளில் ‘கம்பாட்டிபிலிட்டி’ பகுதியில் அட்மினிஸ்ட்ரேட்டர் குறியை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். அந்த மென்பொருளுக்கு நிஜமாகவே அந்த உரிமை தேவையென்றால், அந்த விண்டோவுக்கு மட்டும் விண்டோஸோடு வரும் தமிழ் கீபோர்டைப் பயன்படுத்துங்கள், அது ஹூக் வழியாகப் போவதில்லை. தட்டச்சு மென்பொருளையும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் ஒவ்வொரு விசையையும் பார்க்கும் ஒன்றுக்கு அவ்வளவு உரிமை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லா இடத்திலும் தமிழ் நின்றுபோவதும் ஹூக்கோடு சம்பந்தப்பட்டதுதான். ஹூக் ஒவ்வொரு விசைக்கும் குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். விண்டோஸ் 7 முதல், தாமதமானால் சிஸ்டம் அந்த ஹூக்கைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும். கழற்றியது தட்டச்சு மென்பொருளுக்கே தெரியாது. அது ஓடிக்கொண்டே இருக்கும், ஐகானும் தமிழ் என்றே காட்டும், எழுத்து மட்டும் ஆங்கிலத்தில் விழும். கணினி மூச்சுத் திணறும் நேரங்களில் இது வரும். பிரௌசரில் தேவையில்லாத டேப்களை மூடி வையுங்கள், தட்டச்சு மென்பொருளின் புதிய பதிப்பு இருந்தால் போடுங்கள்.

#15 செவிவழி

பொருநை அவர்களே, மொழிபெயர்ப்புக் கருவியை எஃப்6 போட்டுச் சமாளிப்பதோடு விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். செய்தவர்களுக்கு எழுதுங்கள். ‘கீபோர்டு வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் அவர்கள் கணினியில் வேலை செய்கிறது என்று பதில் வரும். இப்படி எழுதுங்கள்: எந்தப் பதிப்பு, எழுதும் கட்டத்தில் கர்சர் இருந்தது, ஆல்ட்-டேப் போட்டு வெளியே போனேன், திரும்பி வந்தேன், திரைவாசிப்பான் ‘பேன்’ என்று சொல்கிறது, எஃப்6 அழுத்தினால் மட்டும் கட்டத்துக்குப் போகிறது. நிரல்நெசவு சொன்ன அந்த நினைவில் வைக்கும் வரிகள் விடுபட்டிருப்பதை நிரல் எழுதுபவர் படித்ததும் புரிந்துகொள்வார். அதே கருவியைப் பயன்படுத்தும் பார்வையற்ற மொழிபெயர்ப்பாளர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களும் எழுதியிருக்கிறார்கள். பார்வை உள்ள ஒருவரும் அதையே சொன்னால் அவர்களுடைய வரிசையில் மேலே ஏறும்.

#16 நிரல்நெசவு

எழுதும்போது ஸ்கிரிப்ட் கொடுத்த ஃபைலில் அந்த நேரத்து வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். ஃபோகஸ் எந்த விண்டோ வகையின்மேல் நின்றது என்று அதில் இருக்கும். எங்களுக்கு அது போதும், தேடி அலைய வேண்டியதில்லை. வாடிக்கையாளர் விவரம் ஏதும் விண்டோ தலைப்பில் இருந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள்.

#17 பொருநை

அட்மினிஸ்ட்ரேட்டர் குறியை எடுத்ததும் தமிழ் வந்துவிட்டது, மென்பொருளும் குறையில்லாமல் ஓடுகிறது. பிரின்டர் பணியைப் பின்னணிக்கு மாற்றிவிட்டேன், மின்னல் போய்விட்டது. கருவி செய்தவர்களுக்கு செவிவழி ஐயா சொன்னபடியே எழுதி, ஃபைலையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.